டிரைக்கில் வலது தொடை சூடு: ட்ரை கிளைட், ஸ்பைடர் வண்டிகளில் குறைக்க என்ன செய்யலாம்?

ஹூஸ்டன்_வேலன்:
வணக்கம். வண்டி 2012 ட்ரை கிளைட் (ஹார்லியின் மூன்று சக்கர பைக்), ட்வின் கேம் 103 எஞ்சின், கம்பெனி சைலன்சர்தான். வெயில் 38 டிகிரியைத் தொட்டால் சிக்னலில் நிற்கவே முடியவில்லை. வலது தொடையின் உள்பக்கமும் சீட்டுக்கு அடியிலும்தான் மோசம். ஹைவேயில் போனால் தொடை பரவாயில்லை, வலது கெண்டைக்கால் மட்டும் சுட்டுக்கொண்டே இருக்கிறது. பின்னால் உட்காருபவருக்கும் சீட் சூடு தெரிகிறது. பட்ஜெட் 300 டாலர். குழாய்க்குத் துணி சுற்றலாமா, விசிறி மாட்டலாமா, கேட்டலிஸ்டை (புகையைச் சுத்தமாக்கும் பாகம்) எடுத்துவிடலாமா? எதில் தொடங்குவது?

திருகுசாவி:
வேலன், எதையும் வாங்காதீங்க, முதலில் சூடு எந்த வழியாக வருகிறது என்று பாருங்க. மூன்று வழி இருக்கு. குழாயும் கேட்டலிஸ்டும் கதிராக வீசும் சூடு ஒன்று. எஞ்சின் துடுப்புகளில் பட்டு வரும் சுடுகாற்று இன்னொன்று. ஃப்ரேம், சீட் தட்டு வழியாக இரும்பில் கடத்தப்பட்டு வருவது மூன்றாவது. ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. கதிருக்குத் தடுப்புத் தகடு போடணும், சுடுகாற்றுக்குத் திசை மாற்றணும், கடத்தலுக்கு இடையில் ஒரு காப்பு வைக்கணும். நூறு டாலர் கொடுத்து வாங்கிய பாகம் வேலை செய்யவில்லை என்று புலம்புவோரில் பெரும்பாலோர் ஒரு வழிக்கான மருந்தை இன்னொரு வழிக்குப் போட்டவர்கள்.

உங்க வண்டியில் பின் சிலிண்டர் முன் சிலிண்டருக்குப் பின்னால் 45 டிகிரி கோணத்தில் மறைந்து நிற்கிறது. அதற்குப் புதுக்காற்று குறைவு. அதன் ஹெடர் குழாய் (சிலிண்டரிலிருந்து புகை வெளியேறும் முதல் குழாய்) வலப்பக்கம் தொடைக்குக் கீழே வளைந்து போகிறது. முன் குழாயோடு அது சேரும் இடத்தில் கேட்டலிஸ்ட். நின்றால் அங்கிருந்து நேராக மேலே எழும் சூடுதான் தொடையில் படுவது.

டிரைக்குக்கென்று கூடுதலாக இரண்டு காரணம். பின் மட்கார்டு அகலம் என்பதால் கால் பக்கம் வரும் காற்று அதில் முட்டித் தேங்குகிறது. அதோடு சிக்னலில் கால் ஊன்ற வேண்டியதில்லை, அதனால் கால் குழாய் பக்கத்திலேயே கிடக்கிறது. இரண்டு சக்கர அல்ட்ராவில் கால் தரையில் விலகி நிற்கும். கலிபோர்னியாவில் இரண்டு சக்கரக்காரர்கள் வரிசைகளுக்கு நடுவே நுழைந்து போய்விடுவார்கள். நமக்கு அகலமும் இடம் தராது, சட்டமும் இடம் தராது. 500 கிலோவைத் தாண்டிய வண்டி நெரிசலில் நின்று நின்றுதான் போகணும்.

வெப்பஅளவி:
அளக்கும்போது ஒரு எச்சரிக்கை. அகச்சிவப்புத் துப்பாக்கியை குரோம் மேல் காட்டினால் வரும் எண் பொய். பளபளப்பான உலோகம் தன் சூட்டைக் கதிராகச் சரியாக வெளிவிடாது, எதிரில் இருப்பதைத்தான் பிரதிபலிக்கும். 200 டிகிரியில் இருக்கும் குரோம் கவசம் 70 என்று காட்டும். அதை நம்பிக் கை வைத்தால் தோல் ஒட்டிக்கொள்ளும். அளக்கும் இடத்தில் அதிக வெப்பம் தாங்கும் கறுப்பு மேட் பெயிண்டில் நகக்கண் அளவு பொட்டு வைத்து, அதன் மேல் அளங்க. கே வகைத் தெர்மோகப்பிள் (தொட்டு வெப்பம் அளக்கும் கம்பி) இருந்தால் இன்னும் நல்லது.

காற்றுப் போக்குக்கு நூல் போதும். பத்து சென்டிமீட்டர் கம்பளி நூல்களை சைடு கவர், சீட் ஓரம், டேங்க் அடிப்பகுதியில் டேப்பால் ஒட்டி, போன் கேமராவை என்ஜின் கார்டில் கட்டி 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிப் பாருங்க. நூல் சீட் பக்கம் மடிந்தால் சுடுகாற்று தொடைக்கு வருகிறது. வெளிப்பக்கம் பறந்தால் தொடைச்சூடு கதிரால் வருவது. மாலையில் வெயில் இறங்கிய பின் இதே சோதனையைச் செய்தால் தார்ச்சாலைச் சூடு கணக்கில் கலக்காது.

ஸ்கார்பரோ_செல்வம்:
வேலன், உங்கடது 2012 எண்டால் காற்றால குளிருற எஞ்சின். காலுக்கு முன்னால இருக்கிற கீழ் ஃபேரிங் ரெண்டையும் கோடைக்குக் கழட்டி வையுங்கோ. ஒரு சதமும் செலவில்லை, வேற எதுவும் இவ்வளவு வித்தியாசம் தராது. அந்த ஃபேரிங் குளிருக்கும் மழைக்கும் செய்தது. அது முழங்காலுக்கு வாற காற்றை மறிக்குது, எஞ்சினுக்குப் போற காற்றிலயும் ஒரு பங்கை மறிக்குது. கழட்டேக்க கிளாம்பில இருக்கிற ரப்பர் துண்டுகளைத் தொலைச்சுப் போடாதேங்கோ. ஸ்பீக்கர் பூட்டியிருந்தால் வயர் இணைப்பை டேப் சுத்தி மூடி விடுங்கோ.

2014ல இருந்து வந்த ட்ரை கிளைட் வைச்சிருக்கிற ஆக்கள் இதைச் செய்யேலாது. அதில சிலிண்டர் தலைக்கு மட்டும் தண்ணிக் குளிரூட்டல். ரேடியேட்டர் ரெண்டும் அந்த ஃபேரிங்குக்குள்ளதான் இருக்கு. அவையள் ரேடியேட்டர் துடுப்பில பூச்சி அடைச்சிருக்கோ எண்டு பாக்கோணும். பின்பக்கத்தில இருந்து முன்பக்கமா மெதுவான தண்ணி அடிச்சுக் கழுவுங்கோ. பிரஷர் வோஷரைக் கிட்டப் பிடிச்சால் துடுப்பு மடிஞ்சு போகும், பிறகு காற்றே போகாது.

திருகுசாவி:
செல்வம் அண்ணன் சொன்னதை முதலில் செய்யுங்க. அடுத்ததும் இலவசம்தான்.

உங்க வண்டியில் நிற்கும்போது பின் சிலிண்டரை நிறுத்தி வைக்கும் ஏற்பாடு இருக்கு. எஞ்சின் ஒரு அளவுக்கு மேல் சூடாகி, வண்டி நின்று, ஐடிலில் (ஆக்ஸிலேட்டர் திருகாமல் எஞ்சின் சும்மா ஓடும் நிலை) இருந்தால் பின் சிலிண்டருக்குப் பெட்ரோல் போவது நின்றுவிடும். அது வெறும் காற்றுப் பம்பாக ஓடும். ஆக்ஸிலேட்டர் திருகியதும் திரும்பவும் எரியும். பல வண்டிகளில் இது அணைந்தே கிடக்கும். சாவி போட்டு, ஐடிலில் அல்லது எஞ்சின் ஓடாமல், ஆக்ஸிலேட்டரை மூடும் திசையிலேயே இன்னும் முன்னால் தள்ளி மூன்று வினாடி போலப் பிடிங்க. குரூஸ் விளக்கு பச்சையாக மின்னினால் இயங்குது, சிவப்பாக மின்னினால் அணைந்திருக்கு. மறுபடி செய்தால் மாறும். உங்க மாடலின் கையேட்டில் அந்தப் பக்கத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்க. அது வேலை செய்யும்போது ஐடில் சத்தம் நொண்டும், லேசாக வேறு வாடை வரும். பழுது என்று பயந்து மெக்கானிக்கிடம் ஓட வேண்டாம்.

இதனால் ஆறு நிமிட நெரிசல் தாங்கும் என்று நினைக்காதீங்க. காற்றுக்குளிர் எஞ்சின் நின்றபடி ஓடுவதற்குச் செய்ததல்ல. ரயில் கேட், விபத்து நெரிசல் என்றால் சாவியை அணைப்பதுதான் ஒரே வழி.

நிலா_ரைடர்:
பெட்ரோலையும் சேர்த்துப் பாருங்க. 103க்கு அமெரிக்க அளவில் 91 ஆக்டேன் குறைந்தபட்சம். டெக்சாஸில் பிரீமியம் பெரும்பாலும் 93. சிக்கனம் என்று 87 போட்டால் நாக் (சிலிண்டருக்குள் பெட்ரோல் நேரம் தவறி வெடிப்பது) வரும். இந்த எஞ்சின் ஸ்பார்க் பிளக் வழியாகவே நாக்கை உணர்ந்து ஸ்பார்க் நேரத்தைப் பின்தள்ளும். பின்தள்ளினால் எரிதல் தாமதமாகி, பிஸ்டனைத் தள்ள வேண்டிய சூடு ஹெடருக்குள் போகிறது. காதில் நாக் கேட்காது, காலில்தான் தெரியும்.

எக்ஸாஸ்ட் கேஸ்கெட்டும் (குழாய் இணைப்பில் கசியாமல் அடைக்கும் வளையம்) சந்தேகத்துக்கு உரியதே. சிலிண்டர் தலையோடு குழாய் சேரும் இடத்தில் கசிவு இருந்தால் வெளிக்காற்று உள்ளே இழுபடும். ஆக்சிஜன் சென்சார் அதைப் பார்த்துக் கலவையில் பெட்ரோல் குறைவு என்று தவறாக நினைக்கும். கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டும். எரியாத பெட்ரோல் கேட்டலிஸ்டில் போய் எரியும். கேட்டலிஸ்ட் சாதாரணமாகவே 400 டிகிரிக்கு மேல்தான் வேலை செய்கிறது, இப்படி ஊட்டினால் இன்னும் ஏறும். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்தவுடன் அந்த இணைப்பில் டிக் டிக் சத்தம் வந்து, சூடானதும் மறைகிறதா பாருங்க. ஃபிளேஞ்ச் (குழாயைச் சிலிண்டர் தலையோடு பூட்டும் விளிம்பு) ஓரம் கரிக்கோடு இருக்கா பாருங்க.

எரிகுழாய்:
இதெல்லாம் சரி, ஆனால் கெண்டைக்கால் சூட்டுக்குத் துணி சுற்றுவதுதான் தீர்வு. டைட்டானியம் நாடா 2 அங்குல அகலம், 50 அடிச் சுருள். கால் அங்குலம் மேல்படியச் சுற்றி, அடிக்கு ஒரு ஸ்டெயின்லெஸ் கட்டு. கண்ணாடி நார் என்றால் தண்ணீரில் நனைத்துச் சுற்றணும், டைட்டானியம் நாடாவுக்கு அது தேவையில்லை. முதல் ஓட்டத்தில் புகை வரும், நின்றுவிடும். கையுறையும் முகமூடியும் கட்டாயம். சூடு குழாய்க்குள்ளேயே பின்னால் போய்விடும்.

திருகுசாவி:
எரிகுழாய், சுற்றும் முறை சரியாகச் சொன்னீங்க. இந்த வண்டிக்குப் பொருந்துமா என்பதில்தான் எனக்கு உடன்பாடு இல்லை.

முதலாவது, அந்த ஹெடர் சாதாரண எஃகு. நாடா ஈரத்தைப் பிடித்து வைக்கும். ஹூஸ்டன் ஈரப்பதத்தில், மழைக்குப் பின் வண்டி ஷெட்டில் நிற்கும் நாட்களில் அடியில் துரு தின்னும், மேலே ஒன்றும் தெரியாது. இரண்டாவது, குரோம் கவசங்களின் கிளாம்ப் குழாயின் அசல் தடிமனுக்குச் செய்தது. நாடா சுற்றினால் கவசம் பொருந்தாது, இழுத்துப் பூட்டினால் கிளாம்ப் உடையும். கவசத்தைக் கழற்றிவிட்டால் வந்த லாபம் போச்சு, கவசமும் குழாயும் நடுவே உள்ள காற்று இடைவெளிதான் இப்போது உங்களைக் காப்பாற்றுவது. மூன்றாவது, உள்ளே அடைத்த சூடு கேட்டலிஸ்டுக்கும் அதற்குப் பின்னுள்ள குழாய்க்கும் போகுது. இடப்பக்கச் சைலன்சருக்குப் போகும் குறுக்குக் குழாய் இடது காலருகில்தான் இருக்கு. ஆக்சிஜன் சென்சாரின் உடல் மேல் சுற்றிவிட்டால் அதன் வயரும் பொரியும்.

பணம் செலவழிக்கத் தயார் என்றால் செராமிக் பூச்சு கொடுங்க. குழாயைக் கழற்றி, மணல் அடித்துத் துரு நீக்கி, சூளையில் வேகவைக்கிறார்கள். துரு பிடிக்காது, கவசமும் பழையபடி பொருந்தும். கேட்டலிஸ்ட் உள்ள பகுதிக்கு உட்பூச்சு கொடுக்கக் கூடாது என்பதைக் கடைக்காரரிடம் முன்பே சொல்லுங்க. 300 டாலருக்குள் இது அடங்குவது சிரமம்.

எரிகுழாய்:
ஈரப்பதம் பற்றிச் சொன்னது நியாயம். ஸ்டெயின்லெஸ் ஹெடர் வைத்திருப்பவருக்கு மட்டும் நாடா என்று திருத்திக்கொள்கிறேன். அப்போதும் கடைசிச் சுற்றை கீழ்நோக்கி முடிக்கணும், மேல்நோக்கி முடித்தால் மழைநீர் உள்ளே இறங்கும். கேட்டலிஸ்டை எடுத்துவிடுவது பற்றி யாரும் பேசவில்லையே? சூட்டின் தாயே அதுதானே?

நிலா_ரைடர்:
அமெரிக்காவில் தெருவில் ஓடும் வண்டியிலிருந்து கேட்டலிஸ்டை எடுப்பது தூய காற்றுச் சட்டப்படி குற்றம். இது ஏட்டில் மட்டும் இருக்கும் சட்டமல்ல. கலவையை மாற்றும் ட்யூனர்கள் விற்றதற்காக 2016ல் ஹார்லி நிறுவனமே 1.2 கோடி டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டது. நெரிசலில் நம் பின்னால் நிற்பவர், பக்கத்து ஜன்னலில் இருக்கும் குழந்தை, எல்லாரும் அந்தப் புகையைத்தான் சுவாசிக்கிறார்கள். நம் தொடைச் சூட்டுக்கு அவர்கள் விலை கொடுக்கக் கூடாது. இந்த இழையில் அதற்கு வழி சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கலவையில் பெட்ரோல் கொஞ்சம் கூடினால் எக்ஸாஸ்ட் சூடு குறையும் என்பது உண்மை. கம்பெனி கலவை காற்று 14.7க்குப் பெட்ரோல் ஒன்று என்ற எடை விகிதத்தை ஒட்டியே நிற்கும், அது சுத்தமான புகைக்காக. மாற்ற வேண்டுமென்றால் கலிபோர்னியா காற்று வாரியத்தின் அனுமதி எண் உள்ள ட்யூனர் மட்டும்.

ஹூஸ்டன்_வேலன்:
நன்றி. கேட்டலிஸ்ட் யோசனையை விட்டுவிடுகிறேன். குரூஸ் விளக்கு சிவப்பாகத்தான் மின்னியது, பச்சைக்கு மாற்றிவிட்டேன். நூல் நிற்கும்போது அசையவில்லை, ஓடும்போது வலது சைடு கவர் ஓரத்தில் சீட்டை நோக்கி மடிகிறது. அப்படியென்றால் இரண்டு வழியும் இருக்கிறதா?

திருகுசாவி:
ஆமா. ஓடும்போது வருவதற்கு, டேங்குக்கும் சீட்டுக்கும் நடுவே ஃப்ரேமில் மாட்டும் காற்றுத் திருப்பிகள். கறுப்புப் பிளாஸ்டிக், இரண்டு பக்கமும் ஒவ்வொன்று, கம்பெனிப் பாகமாகவே கிடைக்கும். சுடுகாற்றைத் தொடைக்கு வெளியே தள்ளும். நிற்கும்போது அதால் பெரிய பயன் இல்லை, தெரிந்து வாங்குங்க.

நிற்கும்போது வருவதற்குத் தடுப்புத் தகடு நாமே செய்யலாம். வலது சைடு கவரின் உள்பக்கம், சீட் தட்டின் அடிப்பக்கம், இரண்டும் இடம். அரை மில்லிமீட்டர் அலுமினியத் தகடு எடுத்து, முதலில் அட்டையில் அளவு வெட்டி, பிறகு தகட்டில் வெட்டுங்க. ஓரங்களை மூன்று மில்லிமீட்டர் மடித்து அடிங்க, இல்லாவிட்டால் அதிர்வில் வயரை அறுக்கும். மிக முக்கியமானது இடைவெளி. தகடு கவரோடு ஒட்டிக்கொண்டிருந்தால் சூடு கடந்து போய்விடும். 8 முதல் 10 மில்லிமீட்டர் ஸ்டெயின்லெஸ் குழாய்த் துண்டுகளை நடுவில் வைத்து, கீழும் மேலும் திறந்திருக்கும்படி பூட்டினால் அந்த இடைவெளியில் காற்று தானே மேலெழுந்து சூட்டை எடுத்துப் போகும். பளபளக்கும் பக்கம் குழாயைப் பார்க்கணும், அதற்குப் பெயிண்ட் அடிக்கவே கூடாது. கறுப்புப் பெயிண்ட் தன் மேல் விழும் கதிரில் பத்தில் ஒன்பது பங்கை விழுங்கும், துலக்கிய அலுமினியம் அதில் மிகச் சிறு பங்கைத்தான் விழுங்கும்.

சீட் அடியில் இடம் குறைவு. அங்கே அலுமினியம் பூசிய கண்ணாடி நார் ஒட்டுத்தாள் போதும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் இரண்டு முறை துடைத்து, நன்றாகக் காய்ந்த பின் ஒட்டி, மரக்கட்டையால் தேய்த்து அழுத்துங்க. பேட்டரி முனையருகே வேண்டவே வேண்டாம். அந்தத் தாள் மின்சாரம் கடத்தும், ஒரு ஓரம் கழன்று பாசிட்டிவ் முனையில் பட்டால் தீதான். பெட்ரோல் குழாய், காற்றோட்டத் துளை இவற்றையும் மூடாதீங்க.

வெப்பஅளவி:
விசிறி பற்றி அவர் கேட்டாரே. இடப்பக்க ஹார்னின் இடத்தில் மாட்டி சிலிண்டர்களுக்குக் குறுக்கே ஊதும் மின்விசிறிகள் எஞ்சினை உண்மையாகவே குளிர்விக்கும், நின்றபடி ஓடும்போது ஆயிலுக்கு நல்லது. ஆனால் இடப்பக்கத்திலிருந்து ஊதினால் அந்தச் சூடு வலப்பக்கம்தான் வெளியே வரும், அதாவது இவர் புகார் சொல்லும் அதே தொடைக்கு. எஞ்சின் சூடும் ஆள் உணரும் சூடும் ஒன்றல்ல. தகடு போட்டு முடித்த பின் தேவையானால் விசிறி.

மாட்டினால் ரிலே (சிறு மின்னோட்டத்தால் இயங்கும் சுவிட்ச்) வைத்தே மாட்டுங்க. பேட்டரியிலிருந்து ஃபியூஸ் ஒரு சாண் தூரத்துக்குள் இருக்கணும். ரிலேயைத் தூண்டும் வயர் சாவியோடு அணையும் இணைப்பிலிருந்து வரணும், இல்லையென்றால் மறுநாள் பேட்டரி செத்திருக்கும். ஐடிலில் சார்ஜிங் குறைவு. விசிறி ஓடும்போது வோல்ட்மீட்டர் 13க்குக் கீழே இறங்கினால் கூடுதல் விளக்குகளை அணைக்கணும்.

ஸ்கார்பரோ_செல்வம்:
ஸ்பைடர்க்காரருக்கும் (கேன்-ஆம் கம்பெனியின்ர மூண்டு சக்கர வண்டி) ரெண்டு வார்த்தை. கியூபெக்கில செய்யிற வண்டி, இஞ்ச கனபேர் ஓடுகினம். பழைய ஆர்டி மாடல் 998 சிசி வி-ட்வின் (ரெண்டு சிலிண்டர்), 2014ல இருந்து 1330 மூண்டு சிலிண்டர். ரெண்டும் தண்ணிக் குளிரூட்டல், அதால இஞ்ச கதை வேற. ரேடியேட்டர் விசிறி ஓடத் தொடங்கினதும் சுடுகாற்றுப் பின்னுக்கு வந்து காலில அடிக்குது. அந்தக் காற்றைத் தடுத்து மூடினால் எஞ்சின் கொதிக்கும். திருப்பி விடத்தான் வேணும்.

முதல்ல பாக்கவேண்டியது பக்கத் தகடுகள். ஸ்பைடரில பிளாஸ்டிக் பெனல் கனக்க. சர்வீசுக்குக் கழட்டிப் பூட்டேக்க இடுக்கை அடைக்கிற நுரைப் பட்டையோ உள்பக்கம் ஒட்டின வெள்ளித் தாளோ கிழிஞ்சு போயிருக்கும், இல்லையெண்டால் ஒரு கிளிப் பூட்டாமல் விட்டிருப்பினம். விரல் நுழையிற இடைவெளி போதும், சுடுகாற்றெல்லாம் அதுக்குள்ளால கணுக்காலுக்கு வரும். ராவில உள்ளுக்கு டார்ச் வைச்சு வெளியில நிண்டு பாத்தால் ஓட்டையெல்லாம் தெரியும். வெப்பம் தாங்கிற சிலிக்கோன் நுரைப் பட்டை ஒட்டி அடையுங்கோ.

கூலன்ட் ஃபாக்டரி சொன்ன கலவைதான். வெறும் தண்ணி ஊத்தினால் கொதிநிலை இறங்கும், அலுமினியமும் அரிக்கும். விசிறி மோட்டர் மாத்தினால் சுழலுற திசையைப் பாக்கோணும். வயர் மாறிப் பூட்டினால் ஓடுற வேகக் காற்றுக்கு எதிரா ஊதும், சிக்னலை விட ஹைவேயில சூடு கூட வரும். அப்பிடி ஒரு தலைகீழ் அறிகுறி வந்தால் உடன அதைத்தான் சந்தேகப்படுங்கோ.

நிலா_ரைடர்:
உடை பற்றி யாரும் சொல்லவில்லை. சூடு என்று அரைக்கால் சட்டை போட்டு டிரைக் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். தோல் 44 டிகிரியிலேயே மணிக்கணக்கில் இருந்தால் வெந்துவிடும். சுருக்கென்று சுடாததால் தெரியாது, இரவில் சிவந்து கொப்புளமாகும். சர்க்கரை நோயால் காலில் உணர்ச்சி குறைந்தவர்கள் இதில் மிகக் கவனமாக இருக்கணும். டிரைக்குக்கு மாறுவோரில் வயதானவர்கள் அதிகம் என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

நைலான் பேன்ட் குழாயில் பட்டால் உருகித் தோலில் ஒட்டும். வலது காலுக்குத் தடித்த பருத்தியோ தோலோ நல்லது. வலை ஜாக்கெட் காற்று 36, 37 டிகிரிக்குக் கீழே இருக்கும்வரைதான் உதவும். அதற்கு மேலே வீசும் காற்று உடம்பைச் சூடாக்கத் தொடங்கும், வியர்வையும் தோலை நனைக்காமலே பறந்துவிடும். நனைத்துப் போடும் குளிர் வெஸ்ட் எல் பாசோ போன்ற வறண்ட ஊரில் அருமை, ஹூஸ்டனில் ஈரத் துணிதான்.

ஹூஸ்டன்_வேலன்:
வலது பின் ஃபிளேஞ்சில் கரிக்கோடு இருக்கிறது, காலையில் டிக் சத்தமும் கேட்கிறது. கேஸ்கெட் நானே மாற்றலாமா? இருக்கும் நட்டை இறுக்கினால் போதாதா?

திருகுசாவி:
இறுக்கிப் பார்க்காதீங்க. நசுங்கிய கேஸ்கெட் மறுபடி அடைக்காது, ஸ்டட் (நட் பூட்டும் திருகுக் கம்பி) உடைந்தால் சிலிண்டர் தலையே கழற்ற வேண்டி வரும். நீங்களே செய்யலாம். முந்தின இரவே ஊடுருவும் எண்ணெய் நட்டுகளில் விடுங்க. முழுக்கக் குளிர்ந்த எஞ்சினில் மட்டும் வேலை. ஆக்சிஜன் சென்சார் வயரை முதலில் கழற்றுங்க, குழாய் தொங்கினால் அறுந்துவிடும். இரண்டு சிலிண்டருக்கும் புதுக் கேஸ்கெட் போடுங்க, ஒன்று மட்டும் மாற்றினால் குழாய் சாய்ந்து உட்காரும். பழையதைக் கொக்கியால் எடுக்கும்போது தலையின் அலுமினியத்தில் கீறல் விழாமல் பாருங்க.

மாட்டும்போது வரிசைதான் முக்கியம். கிளாம்ப், பிராக்கெட், சைலன்சர் எல்லாவற்றையும் தளர்வாக மாட்டி, குழாய் இழுவை இல்லாமல் தானே உட்காரணும். பிறகு சிலிண்டர் தலை நட்டுகளைக் கையேட்டில் உள்ள வரிசைப்படி, அங்குல-பவுண்டு அளவுள்ள சிறிய டார்க் ரெஞ்சால் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் சாவி) இறுக்குங்க. அடி-பவுண்டு ரெஞ்சு எடுத்தால் ஸ்டட் போச்சு. பிராக்கெட்டும் கிளாம்ப்பும் கடைசி. முதலில் அவற்றை இறுக்கினால் குழாய் முறுக்கேறி, அதே கேஸ்கெட் சீக்கிரமே மறுபடி ஊதும். குரோமில் கைரேகை எண்ணெய் இருந்தால் சுத்தமாகத் துடைத்த பிறகே ஸ்டார்ட் செய்யுங்க, கறை வெந்து நிரந்தரமாகிவிடும். ஒரு முறை சூடாகி ஆறிய பின் தலை நட்டுகளை அதே அளவில் மறுபடி சரிபாருங்க.